முப்பத்தொரு வார முற்றுகை

எதிரிப் படை கோட்டை வாசலுக்கு வந்து முப்பத்தொரு வாரம் ஆகிறது. இன்னும் ஒரு அம்புகூடப் பறக்கவில்லை.

உள்ளே, தாமரைக் குளத்துப் படியில், இளவரசன் இளவரசியின் கையைப் பிடித்தபடி விடைபெற்றுக்கொண்டே இருக்கிறான். ‘இதோ கிளம்பிவிட்டேன்’ என்று பதினான்கு தடவை சொல்லிவிட்டான், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிற சம்பந்தி மாதிரி.

வாரப் பத்திரிகையின் ஆசிரியர் இந்த வாரத்துத் தாள்களைப் படித்து முடித்து மேசையில் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அந்தத் தொடர்கதையை எழுதுகிறவர். ஆசிரியருக்கு அக்கா வீட்டுக்காரர்.

“மாமா, வெளியில முந்நூறு யானை நிக்குது. அதுக்கெல்லாம் யாரு தீனி போடுறா?”

“எதிரி ராஜா போடுவான்.”

“அவன் இந்நேரம் யானையை எல்லாம் வித்துட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்.”

எழுத்தாளர் மறுக்கவில்லை. அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கதைக்கு மேலே ஒரு பெயர்தான் அச்சாகும். எழுதியது இரண்டு கை. புருஷனும் பெண்டாட்டியும் இருபத்தாறு வருடமாக ஒரே புனைபெயரில் சரித்திரக் காதல் கதைகள் எழுதினார்கள். போர் ஐயாவுக்கு, காதல் அம்மாவுக்கு என்று வாசகர்கள் தாங்களாகவே பாகம் பிரித்து வைத்திருந்தார்கள்.

நேர் எதிர். நிலவு, ஊடல், கன்னச் சிவப்பு எல்லாம் இவர். தலை உருட்டுவது அக்கா.

அக்கா ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சர். கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விடுகிறவள். சனிக்கிழமை காலையில் பேனாவோடு உட்கார்ந்தால், மதியத்துக்குள் இரண்டாயிரம் பேரைத் தீர்த்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விடுவாள். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் கையால் செத்த குதிரை எந்த அத்தியாயத்திலும் எழுந்து ஓடியதில்லை.

படை கோட்டை வாசலுக்கு வந்த வாரம்தான் அவள் இறந்துபோனாள்.

“உங்களுக்குச் சண்டை எழுத வராதுன்னு தெரியும் மாமா. ஆனா அடுத்த வாரத்தோட தொடரை முடிக்கச் சொல்லிட்டார் முதலாளி. நீங்க எழுதலைன்னா நானே எழுதிடுவேன். போர் நடந்தது, ஓய்ந்தது, முற்றும். எனக்குத் தெரிஞ்ச சரித்திரம் அவ்வளவுதான்.”

எழுத்தாளர் தன் துணிப்பைக்குள் கையை விட்டு ஒரு பழுப்பு உறையை எடுத்து வைத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மேலே ஒரே சொல்: போர்.

ஆசிரியருக்கு அந்தக் கையெழுத்தைத் தெரியும். அவர் சிலேட்டில் எழுத்துப் பழகியபோது விரல் பிடித்து எழுதவைத்த கை.

“எப்போ எழுதினா?”

“ஆஸ்பத்திரியில.”

“ஏழு மாசமா இதைக் கையில வெச்சுக்கிட்டா என்னை...” என்று எழும்பிய குரல் பாதியில் இறங்கிவிட்டது.

கடைசியாகப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டை இளவரசனைப் பற்றியது. போர் என்றால் இழப்பு வேண்டும், இவன் செத்தால்தான் கதை நிற்கும் என்றாள் அவள், ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க. “யாரையாவது கொல்லாம உனக்குத் தூக்கம் வராதே” என்று சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று கீழே டீ குடிக்கப் போனார். மறுநாள் அவள் இந்த உறையை நீட்டினாள். முகம் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வீம்பு. அதற்கு மறுநாள் வீம்பைக் காட்ட ஆள் இல்லை.

பிரித்தால் இளவரசன் செத்துப்போவான். பிரிக்காதவரை குளத்துப் படியில் பேசிக்கொண்டிருக்கலாம். தவிர, படித்து முடித்துவிட்டால் அவள் புதிதாகச் சொல்வதற்கு உலகத்தில் ஒரு வரிகூட மிச்சம் இருக்காது.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

“நீயே படி மாப்ளே. செத்துட்டான்னா எங்கிட்ட சொல்லாத. அப்படியே அச்சுக்கு அனுப்பிடு.”

ஆசிரியர் அடிக்கோலால் உறையைக் கிழித்தார். எட்டுத் தாள். மூன்றாம் தாளில் யானைகள் சாயத் தொடங்கியிருக்க வேண்டும், அவர் முகம் சுளித்தார். ஆறாம் தாளில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எட்டாம் தாளைக் கீழே வைக்கவே இல்லை.

எழுத்தாளர் சன்னலுக்குப் போய், கீழே காகித உருளைகளை இறக்கிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்தபடி நின்றார். உருளைகளை எண்ணினார். ஐந்துக்குப் பிறகு மறுபடியும் ஐந்து வந்தது.

“மாமா.”

“சொல்லாதன்னேன்.”

“கீழே பென்சில்ல உங்களுக்கு ஏதோ எழுதியிருக்கா.”

ஆசிரியர் வாய்விட்டுப் படித்தார்.

“‘நீங்க சொன்னபடியே உயிரோட திருப்பி அனுப்பறேன். தோள்ல ஒரே ஒரு அம்பு போட்டிருக்கேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இனிமே உங்க பாடு.’”

லாரி கிளம்பிப் போகும்வரை எழுத்தாளர் திரும்பவில்லை. பிறகு மேசைக்கு வந்தார்.

“எந்தத் தோள்னு போட்டிருக்காளா?”

ஆசிரியர் அவசரமாகத் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

“இடது.”

அப்படியானால் இளவரசி வலப்பக்கம்தான் சாய வேண்டும். எழுத்தாளர் நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத ஒரு வெள்ளைத் தாள் கேட்டார்.