ஒண்ணுகூட மிஞ்சக்கூடாது

“சீக்கிரம் உள்ளே வாங்க. அவ வெளியே போயிருக்கா!” வாசலில் நின்றவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார் வீட்டுக்காரர்.

“அம்மா இல்லீங்களா? நான் வந்து...”

“எல்லாம் தெரியும். அவ வர்றதுக்குள்ள பாத்துடுங்க!”

மனைவியின் காதில் விழாமல், கரையானுக்கு மருந்து அடிப்பவரை அவர் காலையில்தான் போனில் கூப்பிட்டிருந்தார். சொன்னபடி ஆள் வந்துவிட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கால் உடைந்த மரக்குதிரை, பல்லைக் காட்டும் முகமூடிகள், மூக்குப் போன மண்பொம்மைகள், சாயம் உதிர்ந்த பெட்டிகள். எல்லாம் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி மனைவி சேர்த்த நாட்டுப்புறக் கலைப்பொருட்கள். ஓய்வு பெற்றதும் காலை நீட்டிப் படுக்க அவர் ஆசையாக வாங்கிய சாய்வு நாற்காலியில், இப்போது ஒரு மரப்புலி படுத்திருந்தது.

வந்தவர் பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். கைக்குழந்தையைத் தூக்குவதுபோலக் குதிரையைத் தூக்கி, அதன் வயிற்றில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஓட்டை இருக்குமே?” வீட்டுக்காரர் ஆவலாகக் கேட்டார்.

“இருக்கு சார். ஆனா பழைய ஓட்டை.”

“பழசோ புதுசோ, ஓட்டை ஓட்டைதானே! எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அவ வந்ததும், ‘எல்லாத்தையும் எடுத்துடணும்’னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா என்னைத் தூக்கி வெளியே வெச்சிடுவா.”

வந்தவர் சிரித்துவிட்டார். “நானும் அதைத்தான் சார் சொல்லலாம்னு இருந்தேன். ஒண்ணைக்கூட இங்க விட்டுட்டுப் போக மனசு வராது. நாளைக்கே வண்டி அனுப்பிடறேன்.”

“வண்டி வேறயா!” வீட்டுக்காரருக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. “அவ கொஞ்சம் அழுவா. கண்டுக்காதீங்க.”

“பரவாயில்ல சார். இந்த மாதிரி நேரத்துல நிறைய பேர் அழுதிருக்காங்க.”

கதவு திறந்தது. காய்கறிப் பையோடு நின்ற மனைவியைப் பார்த்ததும் வந்தவர் கைகூப்பினார்.

“எல்லாம் பாத்துட்டேம்மா. ஒண்ணு விடாம எடுத்துக்கறோம்.”

பை நழுவியது. தக்காளி நாலா பக்கமும் உருண்டது. வாயைப் பொத்திக்கொண்ட மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது.

உள்ளுக்குள் துள்ளிய சிரிப்பை மென்று விழுங்கிவிட்டு, வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “என்ன பண்றது, மனசைத் தேத்திக்கம்மா.”

அவளோ ஓடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கூடம் முழுக்கச் சுற்றினாள். என்ன ஏது என்று புரியாமலே அவரும் சேர்ந்து சுற்றினார். மண்பொம்மைகளை அணைத்துக் காப்பாற்றியபடி வந்தவரும் சிரித்தார்.

மூச்சு வாங்க நின்ற வீட்டுக்காரர் கேட்டார். “அப்போ உனக்கு வருத்தமே இல்லையா?”

“வருத்தமா? இவங்க மியூசியத்துக் கண்காட்சியில ஊரே பாத்து முடிச்சதும், ஒவ்வொண்ணும் தனித்தனிக் கண்ணாடி அலமாரியோட நம்ம வீட்டுக்கே திரும்பி வரப்போகுதுங்க!”