மூன்று நாள் ஆட்சி

வாஷிங் மெஷினிலிருந்து வெள்ளைப் போர்வை ரோஸ் நிறத்தில் வெளியே வந்தது. "ஐயையோ, போச்சே!" என்று ஹாலில் இருக்கும் மனைவிக்குக் கேட்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டேன்.

வாய்தான் அலறியது, மனசு விசிலடித்துக்கொண்டிருந்தது. சாயம் போகிற சிவப்புத் துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்து உள்ளே போட்டவனே நான்தானே!

விஷயம் இதுதான். என் மனைவி ஒரு துணி ஆலையில் தையல் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்குகிறவள். அவளைக் காலை ஷிப்டுக்கே தலைவியாக்கப் போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த பதவி. பொழுது விடிவதற்குள் கிளம்ப வேண்டும். அப்படியானால் சமையல், துணி, மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது எல்லாம் என் தலையில்.

நானோ மெத்தைக் கடை விற்பனையாளன். கடை திறக்கும்வரை பேப்பரும் காபியுமாக சோபாவில் கிடக்கும் அந்தக் காலைப்பொழுதுதான் எனக்கென்று இருக்கிற ஒரே ராஜ்ஜியம். அதை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பேனா?

"ஆதி காலத்துல பொம்பளைங்க ராஜ்ஜியம்தான் நடந்துச்சு. ஆம்பளை வேட்டைக்குப் போனான், அவ குகையைப் பார்த்துக்கிட்டா. இது இயற்கையே பிரிச்சுக் கொடுத்த வேலை" என்று முழங்கினேன்.

"நீங்க கடைசியா எப்பங்க வேட்டைக்குப் போனீங்க?"

"மெத்தை விக்கிறதும் ஒரு வேட்டைதான்."

"இந்த மாசம் ஒரு தலையணைகூட மாட்டலைன்னு நீங்கதானே புலம்பினீங்க?"

உண்மைதான். இந்த மாதிரி நேரங்களில் நான் இருமுவது வழக்கம்; இருமினேன்.

"சும்மா வாயால பேசி என்ன ஆகப் போகுது? மூணு நாள் லீவு போட்டு நான் உட்கார்றேன். வீட்டை நீங்க பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றாள்.

என்ன முடிவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் நான் நானே இல்லையே!

முதல் நாள் சாதத்தைக் கருக்கினேன். இரண்டாம் நாள் மகளின் முட்டைப் பொரியலில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டினேன். "அப்பா, நாளைக்கும் நீங்கதானா?" என்று குழந்தை அழாத குறையாகக் கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்சி என்று வந்துவிட்டால் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டாமா?

இன்று மூன்றாம் நாள். ரோஸ் போர்வையை மனைவி முன்னால் விரித்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் போர்வையைப் பார்க்கவேயில்லை. நான் துவைத்துப் போட்டு, பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் கடைச் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் பளீர் வெள்ளை. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் தேறலை" என்றேன் கரகரத்த குரலில்.

"ஆமாங்க, தேறலை" என்று பெருமூச்சு விட்டாள். "அந்தப் பதவி வேண்டாம்னு மேலாளர்கிட்ட சொல்லிடறேன்."

ஜெயித்தேன்! "பரவாயில்லை விடு, எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்று பெருந்தன்மையோடு ஆறுதலும் சொன்னேன்.

"பழகினா வரும்ங்க. எங்க ஆலையில தேறினவங்களைத்தான் வேற வேலைக்கு மாத்துவோம். தேறாதவங்க அதே மெஷின்லதான் உட்காரணும். அதனால இன்னும் ஒரு மாசம் வீட்டை நீங்களே பாருங்க. நான் பின்னாடியே நின்னு சொல்லித் தர்றேன்."

"ஒரு மாசமா? நீ பின்னாடியே நின்னா?"

"ஒண்ணுமே தெரியாதவரை எப்படிங்க தனியா விடறது?"

"யாருக்குத் தெரியாது? கல்யாணத்துக்கு முன்னாடி ரூம்ல இருந்த அத்தனை பேருக்கும் நான்தான் சமையல், தெரியுமா? துணியும் நான்தான்! இந்த மூணு நாளும் வேணும்னேதான் சொதப்பினேன்!"

"சும்மா ஜம்பம் அடிக்காதீங்க."

ஜம்பமா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பூப்போல சாதம், காரம் குறைவாக மகளுக்கு ஒரு குழம்பு, எங்களுக்கு ஒரு குழம்பு. அடுப்பு ஆறுவதற்குள் பாத்திரம் தேய்த்து, தரை துடைத்து, மறுநாளைக்கான சீருடையை மடிப்புக் கலையாமல் இஸ்திரியும் போட்டுவிட்டேன்.

மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "அப்பா, சூப்பர்ப்பா! நாளைக்கும் நீங்களேப்பா!" என்றாள்.

மனைவி இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டதைக் கண்ணாலேயே பார்த்தேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டேன், "இப்பச் சொல்லு. தேறிட்டேனா, இல்லையா?"

"நூத்துக்கு நூறு!"

அப்பாடா, மெஷினை விட்டு எழுந்தாயிற்று! சோபாவில் நிம்மதியாகச் சாய்ந்து பேப்பரை விரித்தேன்.

மனைவி கையைக் கழுவிவிட்டு வந்து, போனில் மேலாளரை அழைத்தாள்.

"சார், நாளையிலேர்ந்தே காலை ஷிப்டுக்கு வந்துடறேன். வீட்டு வேலைக்கு நல்ல அனுபவமுள்ள ஆள் கிடைச்சுட்டாரு!"