ஒரு இலை பாக்கி

முதலில் தப்புச் செய்தவன் ரெங்கசாமி மேஸ்திரிதான்.

ஜெர்மன் சண்டை முடிந்த வருஷம். ரங்கூன் அம்மன் கோயில் பந்தியில், கோவாவில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்த நல்லையா சோற்றில் கை வைத்துவிட்டார். "கோவாவில் பறங்கி வீட்டுச் சோறு தின்றவனுக்கு இங்கே இலை கிடையாது. எந்திரிடா!" என்று மேஸ்திரி அவரை எழுப்பிவிட்டான். ரங்கூனே பார்த்தது. அதன்பிறகு நல்லையா எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, இன்று அதே மேஸ்திரி நல்லையாவின் வாசலில் நின்றான்.

"உனக்குப் போர்த்துகீசு பாஷை தெரியுமாமே?"

"அவங்க சோத்தைத் தின்னவனாச்சே, தெரியாம இருக்குமா?"

மேஸ்திரி அதை விழுங்கிக்கொண்டான். கப்பலில் வேலை பார்க்கும் அவன் மகன் சுப்பு, கோவாவில் எர்மெலிந்தா என்ற பெண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, வீட்டில் விட்டுவிட்டு மறுபடி கப்பலேறியிருந்தான். அவளுக்குத் தமிழ் வராது. மேஸ்திரியோ பெண்சாதியை இழந்தவன். மருமகள் கையால் தண்ணீர்கூடக் குடிக்காமல், கடைச் சோற்றைத் தின்று வயிறு காய்ந்து கிடந்தான்.

"சுப்பு திரும்பறதுக்குள்ள அவ ஊர் போய்ச் சேரணும். நாளைக்குக் கப்பல். நீதான் எடுத்துச் சொல்லணும்."

"சொல்றேன். ஆனா தெரு பார்க்கத்தான் சொல்வேன்."

"இன்னும் நல்லதாப் போச்சு!"

ரங்கூனின் க்யிம்யிண்டைங் பேட்டையில், மேஸ்திரி வீட்டு வாசலில் அந்தத் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பவுனம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"உன் பழியை இந்தப் பச்சைப் பிள்ளை மேலயா தீர்க்கணும்? நல்லாயிருப்பியா நீ?"

நல்லையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எர்மெலிந்தாவின் எதிரே குந்தி, "ஃபீல்யா" என்று ஆரம்பித்தார். மகளே என்று அர்த்தம். துரைமார் பேசும் போர்த்துகீசு அல்ல. சமையல்கட்டில் வெங்காயம் உரித்தபடி பேசுகிற போர்த்துகீசு. கேட்கக் கேட்க அவள் விம்மினாள், மூக்கைச் சிந்தினாள், கடைசியில் களுக்கென்று சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"என்னய்யா, சிரிக்கிறா?"

"ஊருக்குப் போற சந்தோஷமா இருக்கும். பொறு, வருவா."

வந்தாள். கையில் பெட்டி இல்லை, வாழை இலை இருந்தது. வாசலில் விரித்துத் தண்ணீர் தெளித்தாள். தினமும் ஆக்கி, தினமும் வீணாய்ப் போய்க்கொண்டிருந்த சோறும் மீன் குழம்பும் ஆவி பறக்க இலையில் விழுந்தன. மாமனாரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

மேஸ்திரி இலையைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். வயிறு அவனுக்கு முன்னால் பேசியது. பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உட்கார்ந்துவிட்டான். ஒரு வாய். இரண்டு வாய். அப்புறம் தலை நிமிராமலே இலையை அவள் பக்கம் நகர்த்தி, இன்னும் சோறு போடச் சொல்லிக் கை காட்டினான். தெரு கைதட்டியது.

"அவகிட்ட என்னதான்யா சொன்னே?" என்றான் வாய் நிறையச் சோற்றோடு.

"கெஞ்சாதே மகளே, இந்த ஆள் கத்துவான், பசி தாங்கமாட்டான்னேன். உள்ளே போட்டா எந்திரிச்சுப் போயிருவான், தெரு பார்க்க இலையைப் போடுன்னேன். இலையை விட்டு எந்திரிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே, மேஸ்திரி!"

எர்மெலிந்தா இன்னொரு இலையைக் கொண்டுவந்து நல்லையாவின் முன்னால் விரித்தாள்.

அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் இலையைச் சுருட்டி அவள் கையிலேயே கொடுத்தார்.

"எடுத்து வை, ஃபீல்யா. இதை என்னை எழுப்பின கைதான் போடணும்."

மேஸ்திரி தலை நிமிரவில்லை; அந்தக் கை மீன் முள் பொறுக்கிக்கொண்டிருந்தது.