முதல் நாள் கூட்டம்

காலையிலிருந்து பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஓயாமல் போன். பேராசிரியரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

“புது செமஸ்டர் கூட்டம் மேடம். சார் கட்டாயம் வரணும்.”

“அவரால வர முடியாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நான் வேலைக்குப் புதுசு மேடம். ஆள் குறைஞ்சா என் தலையைத்தான் உருட்டுவாங்க. போனை சார்கிட்ட குடுங்க, நானே பேசிக்கிறேன்.”

அவள் போனை வைக்கப் போனாள். அவன் விடவில்லை.

“லீவுல தவறிப்போன பேராசிரியருக்கு முதல்ல அஞ்சலி செலுத்துறாங்க மேடம். கூட வேலை பார்த்தவருக்காகவாவது சார் ஒரு பத்து நிமிஷம் வந்து நிக்கக் கூடாதா?”

இத்தனை நாள் வாயில் வராததை அவள் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

“அந்த அஞ்சலியே அவருக்குத்தான் தம்பி.”