வக்கீல் கதையும் இடது முழங்காலும்

“அந்த வக்கீலம்மா புருசனை விட்டுட்டுப் போனதுல என்னண்ணே தப்பு?” என்று கேட்டபடி பிசியோதெரபிப் பெண் தன் உருளை முக்காலியைக் கட்டிலருகே நகர்த்தினாள்.

கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர் மனதுக்குள் சிரித்தார். மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய இடது முழங்கால் மடங்கவில்லை. அவள் காலைப் பிடித்துப் பின்னால் தள்ளுவாள். உயிர் போய்த் திரும்பி வரும். முதல் நாட்களில் அவர் போட்ட கூச்சலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். இந்தப் பெண்ணுக்கு சீரியல் பைத்தியம். கதையை எடுத்துவிட்டால் போதும், கை சும்மா கிடக்கும். அன்றிலிருந்து மனைவியிடம் தினமும் கதை கேட்டுக்கொண்டு வந்தார்.

கிளட்சை மிதிக்க முழங்கால் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் டிப்போ வாசலில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எண்ணுகிற வேலைதான். நாளைக்குத் தொண்ணூறு டிகிரி வரவில்லையென்றால், மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவேன் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். மடங்க வேண்டும் என்று டிரைவருக்கும் ஆசைதான். அதை யாரும் மடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“என்ன தப்பா? அவன் என்னம்மா பண்ணினான்? பொண்டாட்டி கேஸுல ஜெயிக்கணும்னு கடையையே மூடிட்டு வீட்டைப் பாத்துக்கிட்டான்.”

“யாருண்ணே மூடச் சொன்னா?”

“அவ அம்மாதான். நீ ஒழுங்கா பாக்கல.”

“அந்த அம்மாவா? தங்கமான மனுசியாச்சே.”

“தங்கமா?” டிரைவர் கட்டிலைத் தட்டினார். “கடைச் சாவியை ஒளிச்சு வெச்சது யாரு? மாப்பிள்ளை தொலைச்சுட்டான்னு ஊரெல்லாம் சொன்னது யாரு?”

அவள் கை அவருடைய கணுக்காலின் மேல் கிடந்தது, மறந்து வைத்த பொருள் போல.

“எனக்கு என்னமோ அடுத்த சேனல்ல வர்ற ரொட்டிக்கடைக் கதைதான் பாக்குற மாதிரி இருக்கு. வக்கீல் கதை ஒரே இழுவை.”

“எது இழுவை? அவன் ஒரு மாவைப் பிசைய மூணு நாள் எடுத்துக்கிறான். அது கதையா? வக்கீல் கதையில தண்ணி குடிக்க எழுந்து போனா, திரும்பி வர்றதுக்குள்ள ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.”

“அதுக்காக வக்கீலம்மா பெத்த தாயையே கம்பி எண்ண வைக்கணுமா?”

“வைக்கணும். இன்னிக்கே வைக்கணும்.”

குரல் ஏறிவிட்டது. நடிப்பு எங்கே முடிந்து கோபம் எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் வீட்டில் ரிமோட் அவர் கையில்தான் இருந்தது. “வேலையத்தவங்க பாக்குறதுன்னு சொன்னீங்களே” என்று மனைவி இடித்துக் காட்டினால், “சும்மா இரு, விசாரணை நடக்குது” என்பார்.

திடீரென்று நிறுத்தினார். “ஏம்மா, முட்டியில என்னமோ சுருக்குங்குது.”

“பேச்சு மும்முரத்துல கையை ஊனிட்டேண்ணே. நீங்க சொல்லுங்க, சாவி விஷயம் அந்தப் புருசனுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.” டிரைவர் விட்டத்தைப் பார்த்தார். “தெரிஞ்சும் வாயைத் திறக்கல. அவன் மனுசன்.”

அவள் தலையாட்டிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். “அடடா, கதையிலேயே நேரம் போயிருச்சு.”

“அதனால என்னம்மா, பரவாயில்ல” என்றார் டிரைவர் பெருந்தன்மையாக.

வராந்தாவில் மனைவியின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “தப்பிச்சேன். இன்னிக்கும் முட்டிகிட்ட நெருங்க விடல. வாயாலேயே வண்டியை ஓட்டிட்டேன்.”

“நாளைக்குப் பெரிய டாக்டர்கிட்டயும் வாயாலேயே ஓட்டுவீங்களோ? வேணாங்க, உள்ள போய் நாலு தள்ளு தள்ளச் சொல்லுங்க. டிப்போ வாசல்ல உக்காந்தா நீங்க மனுசனா இருக்கமாட்டீங்க.”

டிரைவரின் முகம் சுண்டியது. அவள் சொன்னது உண்மைதான். எழுந்துகொள்ள நினைத்தார். அதற்குள் மனைவி குனிந்து அவருடைய நாற்காலிக்கு அடியில் பார்த்தாள்.

“என்னத்தைப் பாக்குற?”

“ரெண்டு குதிகாலும் உள்ள இருக்குதுங்க.”

அவரும் குனிந்தார். இடது காலை வெளியே நீட்டினார். மறுபடி உள்ளே இழுத்தார். முட்டி மடங்கி, சாதுவாகப் போயிற்று.

கதவு திறந்தது. “அண்ணே, தொண்ணூறைத் தாண்டிருச்சு, பெரிய டாக்டருக்குச் சொல்லிட்டேன். மயக்க மருந்து வேணாம்னுட்டாரு” என்றாள் பிசியோதெரபிப் பெண். பிறகு வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் பக்கம் திரும்பி, “அடுத்து அந்தத் தோள்பட்டை ஹெட்மாஸ்டர்தானே? அவரு என்ன பாப்பாரு, நியூஸா மேட்சா? சீக்கிரம் ரெண்டு வரி சொல்லு, எங்க வீட்டுல டிவியே கிடையாது” என்றாள்.