வேலன் அண்ணனின் குரல்

அந்த ஆன்லைன் கார் பந்தய விளையாட்டை மாலை ஐந்து மணியோடு நிரந்தரமாக மூடுகிறார்கள். ஆறு வருடமாக அதில் ‘வேலன் அண்ணன்’ என்ற பெயரில் ஜெயித்துவந்த இசக்கியம்மாள் இன்றும் முதலில் வந்தாள். ஜெயித்தவர் காரைத் திருப்பி நிறுத்தி, கடைசி ஆள் வரும்வரை காத்திருப்பது அதில் ஓட்டுபவர்களின் வழக்கம். எல்லோரும் வந்தபின் முதல்முறையாக மைக்கைத் திறந்தாள்.

“நாந்தாம்ல வேலன்.”

இரண்டாவதாக வந்த ராயப்பன் முனகினான். “ஒரு பொம்பளகிட்டயா தோத்தேன்?”

“இருநூறு தடவ.”

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருந்தா எங்கூட ஓட்டிருப்பியால? போயி சோத்த வடின்னிருப்ப.”

யாரோ சிரித்தார்கள். ராயப்பன் சிரிக்கவில்லை. “இப்ப வா. இன்னொரு ரவுண்டு.”

மணியைப் பார்த்தாள். விளையாட்டை மூட நான்கு நிமிடம் இருந்தது. ஒரு சுற்றுக்கு அவளுக்கு மூன்றே முக்கால் ஆகும், அவனுக்கு நாலேகால்.

“வால,” என்றாள்.