கல் வைத்த தொட்டில்

கோயில் அரசமரத்தில் தொட்டில் கட்டினால் அம்மன் பிள்ளை தருவாள்; தந்துவிட்டால் கட்டியவளே வந்து அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்த ஊர் வழக்கம். தவமணி தன் பழைய சேலையைக் கிழித்து, பிள்ளைக்குப் பதிலாக நெல்லிக்காய் அளவில் ஒரு கல்லை உள்ளே வைத்துக் கட்டியிருந்தாள். அடுத்த ஆடிக்குள் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில், மண்டை ஓடு மூடவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார்கள். கலைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். இப்போது கணவன் குமரேசனோடு அதே மரத்தடியில் நின்றாள்.

“அவுத்துரு. ஆத்தா குடுத்தா. நாமதான வேண்டாம்னுட்டோம்,” என்றான் அவன்.

“குடுத்திருந்தா எங்க அது? பொறக்காததுக்கு எப்பிடி அவுக்கிறது?”

“ஒண்ணுமே வரலன்னா, அப்ப யாருக்குடி இப்பிடி அழுற?”

தவமணி முடிச்சை நோக்கிக் கையை நீட்டினாள். காற்றில் மற்ற தொட்டில்களெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தன. அவளுடையது மட்டும் அசையாமல், துணி விறைக்கத் தொங்கியது. அடியில் உள்ளங்கையைக் கொடுத்துப் பார்த்தாள். நெல்லிக்காய்க் கல்லின் கனம் இல்லை அது. கை கொள்ளாமல் இருந்தது. வெயிலே படாத அந்த நிழலில் வெதுவெதுவென்றும் இருந்தது.

“என்ன, முடிச்சு வரலையா?” என்று குமரேசன் உரக்கக் கேட்டான்.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள் தவமணி, தொட்டிலை ஒரு விரலால் ஆட்டியபடி.